குமரியிலிருந்து விமானம் ஏறுவோருக்கு: சீசனில் டிக்கெட் ஏன் ஏறுகிறது, எப்போது எடுப்பது

ஜூன் கடைசி வாரத்தில் துபாயிலிருந்து திருவனந்தபுரம் வர டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். அதே விமானம் இங்கே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகுமே, அதற்கு டிக்கெட் பார்த்தால் பல நாட்களில் பாதி விலைக்கும் கீழே கிடக்கும். ஆகஸ்ட் கடைசியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். விலையை ஏற்றுவது தேதி மட்டுமல்ல, அந்தத் தேதியில் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதும்தான். மார்த்தாண்டம், களியக்காவிளை, நாகர்கோவில், குளச்சல் பக்கத்துக் குடும்பங்கள் டிக்கெட்டில் பணத்தை விடுவது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால்தான். செங்கோட்டை, கம்பம், வாளையாறு பக்கத்தவர்களுக்கும் இங்கே சொல்லும் கணக்கு பொருந்தும். விமான நிலையம் மட்டும்தான் மாறும்.

விலை ஏறும் விதம்

180 இருக்கை உள்ள விமானத்தில் எகானமிக்கு ஒரே விலை கிடையாது. அந்த இருக்கைகளை பத்துப் பன்னிரண்டு விலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்திருப்பார்கள். கீழ்ப்படியில் சில இருக்கைகள்தான் இருக்கும். அவை விற்றதும் அடுத்த படி திறக்கும். உணவிலோ இருக்கையின் அகலத்திலோ எந்த வித்தியாசமும் இருக்காது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் 4,000 கொடுத்திருப்பார், இன்னொருவர் 9,000.

சாதாரண நாளில் கீழ்ப்படிகள் பல வாரம் திறந்திருக்கும். கிறிஸ்துமஸ் வாரம், ஓணம், பெருநாள் என்றால், முந்தைய ஆண்டுகளின் விற்பனையை வைத்து நிறுவனத்தின் கணினி அந்தக் கீழ்ப்படிகளை முதலிலேயே மூடி வைத்துவிடும். ‘சீசனில் விலையை ஏற்றிவிட்டார்கள்’ என்று நாம் சொல்வதில் பாதி, மலிவான படியைத் திறக்கவே இல்லை என்பதுதான்.

இருக்கை எண்ணிக்கை நினைத்தபடி கூடுவதும் இல்லை. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையிலான ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65 ஆயிரம் இருக்கைகள்தான் அனுமதி. சீசன் வந்துவிட்டது என்பதற்காக ஒரு நிறுவனம் விருப்பம்போல விமானம் சேர்க்க முடியாது. கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் இறங்குவது நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று முழு நிறுவனங்களே பறப்பதை நிறுத்தின. 2023 முதல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் பல விமானங்கள் தரையிலேயே நின்றன. இப்படி இருக்கை குறையும்போதெல்லாம் மேல்படிகள் சீக்கிரமே திறக்கும்.

திசைக் கணக்கு இதற்கும் மேல். ஜூன் கடைசியில் வளைகுடாவிலிருந்து நிறைந்து வரும் விமானம், போகும்போது பாதி காலியாகப் போகும். அந்த நஷ்டத்தையும் வருகிறவர் டிக்கெட்டில்தான் எடுப்பார்கள். டிராப் போகும் டாக்சி, காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்து வாடகை வாங்குவது போலத்தான்.

அரசு தலையிடாதா என்று ஒவ்வொரு சீசனிலும் கேள்வி எழும். உள்நாட்டுக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்பதுதான் பொது விதி. கொரோனாவை ஒட்டி 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டமாக ரத்தானபோதும் தற்காலிக உச்சவரம்பு வந்தது. அசாதாரண நாட்களில் மட்டும் வரும் இதை நம்பி டிக்கெட் எடுக்காமல் இருக்க வேண்டாம்.

கடைசி நேரத்தில் விலை விழுமா

விழாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘காலியாகப் போவதற்குக் குறைந்த விலைக்காவது விற்பார்கள்’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கடைசி 10 நாளில் டிக்கெட் தேடுகிறவர் யார்? வீட்டில் மரணம், ஆஸ்பத்திரி, அலுவலக அவசரம், முடியப்போகும் விசா. இவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பார்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியும். கடைசியில் ஒரு முறை விலையைக் குறைத்தால், அடுத்த முறை எல்லாரும் கடைசி வரை காத்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ், பொங்கல் நெருங்கும்போது சில நிறுவனங்கள் கூடுதல் விமானம் விடும். அறிவிப்பு வந்த ஓரிரு நாள் கீழ்ப்படிகள் கிடைக்கலாம். தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டை முன்பே கையில் வைத்திருப்பவருக்குத்தான் இது லாபம். டிக்கெட்டே இல்லாமல் இதற்காகக் காத்திருப்பது சூதாட்டம்.

நம்ம ஊர் நாட்காட்டி

வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை அங்கிருந்து இங்கே வரும் பக்கம் தீயாக இருக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை இங்கிருந்து அங்கே போகும் பக்கம் ஏறும். மகன் வீட்டுக்குப் போய்வர நினைக்கும் அப்பா அம்மா கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகலாம்: ஜூலை முதல் வாரம் போய், ஆகஸ்ட் நடுவில் திரும்புவது. மகன் குடும்பமே அந்த நேரத்தில் ஊருக்கு வருவதாக இருந்தால் இது உதவாது. அப்போது செப்டம்பர் நடுவில் கிளம்பி அக்டோபரில் திரும்புங்கள். அந்த வாரங்கள் இரண்டு பக்கமும் மலிவு.

ஓணம் ஆகஸ்ட் கடைசியில் வரும் ஆண்டுகளில் நெருக்கடி இரட்டிப்பு. பள்ளி திறப்புக்காகப் போகிறவர்களும் ஓணத்துக்கு வந்து திரும்புகிறவர்களும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஓணம் கொண்டாடாத குமரிக் குடும்பமும் அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் விமானம் திருவனந்தபுரத்து விமானம்.

டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா 3ஆம் தேதி முடிகிறது. அதற்காக நவம்பர் கடைசியில் வந்து, கிறிஸ்துமஸ் முடித்துப் போகிறவர்கள் வரும் டிக்கெட்டில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம். டிசம்பர் 15 முதல் 24 வரை ஊருக்கு வரும் பக்கமும், ஜனவரி முதல் வாரம் ஊரிலிருந்து போகும் பக்கமும் உச்சம். சென்னை, பெங்களூரு விமானங்களுக்கும் இதே கதைதான். சபரிமலை மண்டல காலமும் கோவளம் சுற்றுலாவும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்ளும். ஜனவரி 5க்கு மேல் திரும்ப முடிகிறவர், அந்தச் சில நாள் தாமதத்துக்கே நல்ல தொகை மிச்சம் பண்ணுவார்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பள்ளி லீவு. ஏப்ரலில் போகும் பக்கமும், மே கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை வரும் பக்கமும் ஏறும். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்வதால், போன ஆண்டுத் தேதியை வைத்துக் கணக்குப் போட முடியாது. நோன்பின் முதல் இரண்டு வாரம் பயணிகள் குறைவு. பெருநாளுக்கு முந்தைய வாரம் விலை குதிக்கும்.

வாரக் கிழமையிலும் கணக்கு இருக்கிறது. அமீரகம் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது, வெள்ளி அரைநாள். அங்கே வெள்ளி மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானங்கள் ஏறும். சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் இன்னும் வெள்ளி, சனிதான் விடுமுறை என்பதால் வியாழன் இரவுக்குக் கிராக்கி. சென்னையிலிருந்து வர வெள்ளி மாலையும், திரும்ப ஞாயிறு மாலையும் திங்கள் காலையும் விலை கூடும். செவ்வாய், புதன் இரண்டு பக்கமும் சாது.

எத்தனை நாள் முன்னே

விமான நிறுவனங்களின் அட்டவணை ஆண்டுக்கு இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை கோடை அட்டவணை, மீதி குளிர்கால அட்டவணை. பெரிய சர்வதேச நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்பனையைத் திறக்கும். குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவும் அடுத்த அட்டவணை முடிவான பிறகுதான் திறக்கும். திறந்த அன்றே எடுத்தால்தான் மலிவு என்று நினைக்க வேண்டாம். முதலில் பெரும்பாலும் நடுப்படி விலைதான் வைப்பார்கள்.

சீசன் இல்லாத உள்நாட்டுப் பயணத்துக்கு 3 முதல் 6 வாரம் முன்பு போதும். சீசன் இல்லாத வளைகுடாப் பயணத்துக்கு 5 முதல் 8 வாரம். ஜூன், ஜூலையில் ஊருக்கு வருவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். லீவு இன்னும் கம்பெனியில் ஒப்புதல் ஆகவில்லை என்று காத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். தேதி மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள வகையில் கொஞ்சம் கூடக் கொடுத்து எடுத்து வைப்பது, ஒப்புதல் வந்த பிறகு மேல்படியில் எடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர இன்னொரு குறி உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பண்டிகைக்கு 60 நாள் இருக்கும்போது கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் போன்றவற்றின் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்து வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும். கிடைக்காதவர்களில் ஒரு பகுதி அன்றைக்கே விமானம் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே உங்கள் விமான டிக்கெட் 70 முதல் 90 நாள் முன்பே கையில் இருக்கட்டும்.

டிக்கெட் எடுக்கும் முறை

முதலில் ஒரு தேதியை அல்ல, 5 முதல் 7 நாள் கொண்ட ஒரு வரம்பைத் தீர்மானியுங்கள். கூகுள் ஃப்ளைட்ஸ் போன்ற தளத்தில் நாட்காட்டிப் பார்வையைத் திறந்தால், மாதம் முழுக்க எந்த நாள் என்ன விலை என்பது ஒரே பார்வையில் தெரியும். விலை மாறினால் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள். ஒரு வாரம் பார்த்தாலே அந்தத் தடத்தின் சாதாரண விலை எது என்று பிடிபட்டுவிடும். அது தெரியாமல் ‘ஆஃபர்’ என்ற சொல்லை நம்பக் கூடாது.

அடுத்து விமான நிலையத்தை மாற்றிப் பாருங்கள். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ., தூத்துக்குடி வாகைக்குளம் சுமார் 120, மதுரை சுமார் 240. கம்பம், குமுளி பக்கத்தவர்களுக்கு மதுரையும் கொச்சியும் ஏறக்குறைய சம தூரம். வாளையாறு, பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவை பக்கம், கொச்சி அடுத்தது. நீலகிரி கூடலூருக்குக் கோழிக்கோடு. ஒரே ஒரு ஆள் பேருந்தில் போவதானால், டிக்கெட்டில் 2,000 ரூபாய் குறைந்தாலே தூர விமான நிலையம் லாபம். கைக்குழந்தை, 6 பெட்டி, தனி டாக்சி என்றால் லாபம் தலைகீழாகிவிடும். ஆனால் 4 டிக்கெட்டிலும் ஆளுக்கு 3,000 குறைந்தால் மறுபடி யோசிக்கலாம். வளைகுடாப் பக்கமும் இதையே பாருங்கள். துபாய்க்குப் பதில் ஷார்ஜாவில் இறங்கினால் சாலையில் அரைமணி நேரக் கணக்கு, நெரிசல் இல்லாவிட்டால்.

திருவனந்தபுரத்துக்கு ஒரு கூடுதல் செலவு உண்டு. 2024 ஜூலையில் அங்கே, விமான நிலையம் பயணிகளிடம் வாங்கும் பயனாளர் கட்டணம் திருத்தப்பட்டபோது, உள்நாட்டில் ஏறுகிறவருக்கு 770 ரூபாய், வெளிநாடு போகிறவருக்கு 1,540 என்று வந்தது. இறங்குகிறவருக்கும் 330, 660 என்று போட்டார்கள். ஆண்டுதோறும் ஏறும்படியும் வைத்தார்கள். இது டிக்கெட் விலைக்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கண்ணில் படாது. ஒப்பிடும்போது வரி எல்லாம் சேர்த்த மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

குடும்பமாக எடுக்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். 4 பேருக்குத் தேடினால், 4 இருக்கையும் ஒரே படியில் இருந்தால்தான் அந்த விலை வரும். கீழ்ப்படியில் 3 இருக்கைதான் மிச்சம் என்றால், கணினி நால்வரையும் மேல்படிக்குத் தூக்கிவிடும். உதாரணத்துக்குக் கீழ்ப்படி 4,200, மேல்படி 5,600 என்று வையுங்கள். நால்வருக்கும் சேர்த்து எடுத்தால் 22,400. மூவருக்குத் தனியாக 12,600, ஒருவருக்குத் தனியாக 5,600 என்று எடுத்தால் 18,200. ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். எங்கே ஆளுக்கான விலை குதிக்கிறதோ அங்கே பிரியுங்கள். பிரித்தால் பி.என்.ஆர். இரண்டாகும். விமானம் ரத்தானால் இரண்டுக்கும் தனித்தனியாக மாற்று கேட்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் பி.என்.ஆரில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

பிறகு லக்கேஜ். உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும். வளைகுடாத் தடத்தில் நிறுவனத்தையும் டிக்கெட் வகையையும் பொறுத்து மாறும். ‘லைட்’ என்று பெயரிட்ட மலிவு டிக்கெட்டில் பல நிறுவனங்களில் கைப்பை மட்டுமே அனுமதி. சிப்ஸ், கருவாடு, தேங்காய் எண்ணெய் என்று கட்டிக்கொண்டு கவுன்டரில் போய் நின்றால், கிலோவுக்குக் கட்டும் பணத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். கூடுதல் எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். தேங்காய்க் கொப்பரை பெட்டியில் வைக்கவே கூடாது. எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

போக, வர சேர்த்து எடுப்பதா தனித்தனியாகவா? குறைந்த கட்டண நிறுவனங்களில் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. பெரிய நிறுவனங்களில் இரு வழி டிக்கெட் பல நேரம் மலிவு; ஆனால் போகும் பயணத்தில் ஏறாவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும். மும்பை வழியாக இரண்டு தனி டிக்கெட் எடுத்துச் சேர்த்துப் போவதை சீசனில் தவிருங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் மலிவு என்பதையும், பலமுறை தேடினால் உங்களைக் கண்டு விலை ஏற்றுவார்கள் என்பதையும் விட்டுத்தள்ளுங்கள். தேடிக்கொண்டிருக்கும்போது விலை குதித்தால், அந்தப் படியின் கடைசி இருக்கையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள், அல்லது தளம் காட்டியது பழைய விலை. ‘இந்தத் தொகைக்கு வந்தால் எடுத்துவிடுவோம்’ என்று ஓர் எல்லையை முன்பே தீர்மானித்து, வந்ததும் எடுங்கள். இன்னும் 300 குறையட்டும் என்று நின்று 3,000 கூடக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

எடுத்த பிறகு

முதலில் பெயர். இனிஷியலோடு இருக்கும் நம் பெயர்களில்தான் சிக்கல் அதிகம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். சர்நேம் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டாக இருந்தால், எப்படிப் பதிய வேண்டும் என்று நிறுவனத்திடமே கேட்டு எடுங்கள். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோருக்குத் தடை போட்டது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. சீசன் டிக்கெட்டில் பெயர்ச் சிக்கல் வந்தால் புது டிக்கெட் விலைதான்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் பெயரில் எழுத்துப் பிழையைக் கட்டணமின்றித் திருத்தலாம். உள்நாட்டுப் பயணம் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளி இருந்தால், எடுத்த 48 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி இது. எடுத்த மறுநாளைக்குள் விலை விழுந்துவிட்டால் இதுதான் ஆயுதம்.

டிராவல்ஸில் எடுத்தால் உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதியச் சொல்லுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் நேர மாற்றம், ரத்து எல்லாச் செய்தியும் அங்கேதான் போகும். பி.என்.ஆரை வாரம் ஒருமுறை நிறுவனத் தளத்தில் நீங்களே பாருங்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். வளைகுடா விமானங்கள் பல அதிகாலையில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 02:30 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு 9 மணிக்கே நாகர்கோவிலில் வண்டி ஏற வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நிற்கிறவர்கள் எல்லா சீசனிலும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், சர்வதேச முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் சாக்கையில். மாறிப் போனால் சுற்றி வர வேண்டும். எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போவதால், அந்த இரண்டு நாள் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். அந்தத் தேதிகளில் மாலை விமானம் எடுக்கும்போது, வேறு ஊரில் கனெக்‌ஷன் இருந்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

போக முடியாமல் போனால், ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற டிக்கெட்டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பயனாளர் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ரத்துக் கட்டணம் எவ்வளவானாலும், டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் கூட்டினால் வரும் தொகையைத் தாண்டக் கூடாது. நிறுவனத் தளத்தில் ரத்து செய்து, அந்தத் தொகையைக் கேட்டு எழுத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். பதில் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் பி.என்.ஆரோடு புகாரைப் பதியலாம்.